கம்மல் போட்ட கெண்டைகள்

மீன் சந்தையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசக்கா என்று கேட்டால் போதும். வாசலில் ஐஸ் உடைக்கிறவன் முதல் உள்ளே செதில் சுரண்டுகிறவள் வரை எல்லாரும் கடைசி வரிசையின் மூலையில் இருக்கும் சிமென்ட் மேடையைக் கை காட்டுவார்கள். தராசில் நேர்மையானவள் என்பதற்காக வந்த பெயர் இல்லை அது. அவளுடைய தராசில் ஏறினால் எந்த மீனும் கொஞ்சம் கனத்துவிடும். எப்படிக் கனக்கிறது என்று கண்டுபிடிக்க வந்த பலர் அவள் பேச்சைக் கேட்டு மயங்கி, கூடுதலாக ஒரு மீனும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆற்று மீன் மட்டும்தான் விற்பாள். பக்கத்து மேடைகளில் எல்லாம் பண்ணை மீன். லாரியில் வந்து இறங்கும், அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருக்கும், விலையும் மலிவு. தராசக்காவின் மீன்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வால் அறுந்தது. அவற்றைப் பிடித்துக் கொண்டுவருவது அவள் கொழுந்தன். துடுப்புப் படகு ஒன்றும், அகலக் கண் வலை ஒன்றும், மிகக் குறைந்த பேச்சும் அவனுடைய சொத்து. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டுப் பழகி, வீட்டிலும் அதையே செய்துகொண்டிருந்தார். ஒரே மகள், துணிக்கடையில் வேலை.

பண்ணை மீன் வந்த பிறகு தராசக்காவின் வியாபாரம் படுத்துவிட்டது. "அக்கா, அங்க பாதி விலைக்குக் கிடைக்குது" என்று சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. "அது தொட்டியில படுத்துத் தின்னு வளர்ந்தது. இது ஓடற தண்ணியில எதிர்நீச்சல் போட்டது. ரெண்டும் ஒண்ணா?" என்று அவளும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் மீன்வளத் துறையின் ஆற்றுப் பிரிவுக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். நிறையப் படித்தவர், நல்லவர், வெயிலுக்குத் தொப்பி போடுகிறவர். ஆற்றில் கெண்டைகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன, எத்தனை உயிர் பிழைத்திருக்கின்றன என்று கண்டறிவது அவர் வேலை. இதை மீனிடமே கேட்க முடியாது அல்லவா? அதனால் மீனைப் பிடித்து, நீளம் அளந்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் பொடிசாக ஒரு பிளாஸ்டிக் குழலைக் குத்தி, மறுபடி ஆற்றில் விடுவார். குழலில் ஒரு எண் இருக்கும். அந்த மீன் யார் வலையில் மாட்டினாலும் குழலைக் கொண்டுவந்து கொடுத்து, மீன் எவ்வளவு நீளம் இருந்தது என்று சொன்னால், சன்மானமாக ஒரு வாளி. முந்தைய ஆண்டின் சுகாதார வாரத்தில் மிஞ்சிப்போன நீல வாளிகள் அலுவலகக் கிடங்கில் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அவற்றைத் தள்ளிவிட அவர்களுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

துப்பாக்கி போன்ற கருவியால் மீனைக் குத்துவதைப் பார்த்த படகுத்துறை ஆட்கள் அதை ஊசி என்று நினைத்து, அதிகாரிக்கு மீன் டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். குத்திய குழலுக்குக் கம்மல் என்று பெயர் வைத்தது தராசக்கா.

கம்மல் போட்ட முதல் கெண்டை அவள் மேடைக்கு வந்த அன்று, வழக்கமாக வரும் டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். நாலு தெருவுக்குச் செய்தி சொல்லும் வாய் அவருடையது.

"என்னம்மா இது, முதுகுல பிளாஸ்டிக் தொங்குது? சீக்கு வந்த மீனா?"

தராசக்கா மூச்சு விடும் நேரம்தான் யோசித்தாள். "சீக்கா? என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க! ஆத்துல இருக்கிற எல்லா மீனுக்குமா போட்டிருக்காங்க? பாத்துப் பாத்துப் பொறுக்கி, டாக்டர் கையால போட்ட கம்மல் இது. அரசாங்கமே நல்ல மீன்னு சொல்லி முத்திரை குத்தியிருக்கு. எங்க வீட்டுக்குன்னு எடுத்து வெச்சேன். நீங்க கேக்கறதால தர்றேன்."

"நான் கேக்கவே இல்லையே."

"இப்பக் கேப்பீங்க."

டீச்சர் கேட்டார். வழக்கத்தைவிடக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கிப் போனார். மறுநாள் அவருடைய அடுத்த வீட்டுக்காரி வந்து, பண்ணை மீன் மேடைகளை எல்லாம் தாண்டி நடந்து, "கம்மல் மீன் இருக்கா?" என்று கேட்டாள். அதற்கடுத்த நாள் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர். தலையில் ஒரு முடி இல்லாதவர், எதிலும் முத்திரை பார்த்தே பழகியவர். "முத்திரை இல்லாததை நான் தொடறதில்லை" என்றார்.

கேட்கிறவர்கள் பெருகினார்கள். மீன் டாக்டரோ ஒரு மனிதர். அவரால் எத்தனை மீனுக்குத்தான் கம்மல் போட முடியும்? வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கொழுந்தன் வலையில் வந்தது. தராசக்கா கையைப் பிசைந்துகொண்டு இருந்தபோது, வீட்டில் மேசை மேல் கிடந்த கம்மலை எடுத்து மகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இதே மாதிரிதான் எங்க கடையிலயும். சட்டைக் காலர்ல விலைச்சீட்டு மாட்டுவோமே, அந்தத் துப்பாக்கி, அந்தப் பிளாஸ்டிக் முள்ளு. நாங்க சட்டையில குத்தறோம், இவர் மீன்ல குத்தறார். அவ்வளவுதான் வித்தியாசம்."

தராசக்கா மகளை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தாள். படிப்பு வரவில்லை என்று இத்தனை வருடம் திட்டியது தவறு என்று தோன்றியது.

கடையில் பழையதென்று ஒதுக்கிய துப்பாக்கி ஒன்று வீட்டுக்கு வந்தது. மின்சாமான் கடையில் மஞ்சள் ஒயர் வாங்கி, உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிட்டு, உறையைத் துண்டு துண்டாக நறுக்கி முள்ளில் கோத்தார்கள். உண்மைக் கம்மலில் இருந்த எண்ணை ஒட்டி முன்னும் பின்னுமாக, சலவைத் துணிக்குக் குறி போடும் பேனாவால் மகள் எண் எழுதினாள். அவள் கையெழுத்து அச்சைத் தோற்கடித்தது. காலையில் படகு கரை சேர்ந்ததும் நல்ல மீன்களாகப் பார்த்துக் கம்மல் போட்டுச் சந்தைக்கு எடுத்துப் போவது என்று ஏற்பாடு.

கொழுந்தன்தான் இழுத்தான். "அண்ணி, இது அரசாங்கத்தை ஏமாத்தற மாதிரி இல்லையா?"

"அரசாங்கமா நம்மகிட்ட மீன் வாங்குது? வாங்கறவங்க முகத்தைப் பாரு, எவ்வளவு சந்தோஷம்! சந்தோஷமா இருக்கறவங்க எப்படி தம்பி ஏமாந்தவங்களாவாங்க?"

அண்ணியிடம் பேசி ஜெயித்த அனுபவம் அவனுக்கு இல்லை. வலையை உதறப் போய்விட்டான்.

அதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு வியாபாரத் தந்திரமாகவே முடிந்திருக்கும். மீனைச் சுத்தம் செய்யும்போது கழற்றும் கம்மல்களை அவள் ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். உண்மைக் கம்மலை மட்டும் பிரித்துக் கொண்டுபோய் வாளி வாங்குவதுதான் திட்டம். ஆனால் பிரிக்க உட்கார்ந்தால் மகளின் கைவேலையில் எது எதுவென்று தெரியவில்லை. எதற்கு வம்பு என்று டப்பாவோடு கொண்டுபோய் மீன் டாக்டர் மேசையில் கவிழ்த்தாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை, ஊரில் ஒருத்தராவது அறிவியலுக்கு ஒத்துழைக்கிறார். ஒவ்வொரு எண்ணாகக் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்த மீன் எவ்வளவு நீளம் இருந்துச்சு?"

தராசக்கா உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை காட்டினாள்.

"அப்படியா! போன மாசம் நான் விட்டப்போ ஒரு சாண்தான் இருந்துச்சு. ஒரே மாசத்துல முழமா!"

"நல்லாச் சாப்பிட்டிருக்கும் சார்."

"எதைச் சாப்பிட்டிருக்கும்?"

"அதை நான் கேக்கலை சார்."

இன்னொரு எண்ணைத் தட்டியதும் அவர் நெற்றி சுருங்கியது. "இது விட்டப்போ முழம் இருந்துச்சு. நீங்க சாண்னு சொல்றீங்க. மீன் எப்படிச் சின்னதாகும்?"

"ஏதாவது கவலையா இருந்திருக்கும் சார்."

அவர் சிரிக்கவில்லை. சுற்றுச்சூழலால் ஏற்படும் மன அழுத்தம் என்று குறித்துக்கொண்டார்.

அதிலிருந்து தராசக்கா போகும்போதெல்லாம் வாளிதான். துணி ஊறவைக்க, தண்ணீர் பிடிக்க, அரிசி கொட்ட, குப்பை போட, கடைசியில் வாளியை வைக்க வாளி. வீட்டில் நடக்க வழியில்லாமல் கணவர் பக்கவாட்டில் நகர்ந்து போகப் பழகினார். "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டார். "மீன் வளருதுங்க" என்றாள். அவர் வழிவிட்டார்.

ஒரு தடவை வாளிக்காகக் கிடங்கு வாசலில் காத்திருந்தபோது, அறைக்குள் மீன் டாக்டரும் அவருடைய மேலதிகாரியும் பேசுவது காதில் விழுந்தது.

"சார், நாம விட்டதைவிடத் திரும்பி வந்தது அதிகமா இருக்கு. பிழைச்சிருக்கிற விகிதம் நூத்துக்கு நூறைத் தாண்டிப் போகுது. எங்கயோ தப்பு இருக்கு."

"தப்பு என்னய்யா தப்பு? நல்ல செய்திதானே. ஆனா நூறைத் தாண்டி எழுதினா மேல இருக்கறவங்க சிரிப்பாங்க. தொண்ணூத்தெட்டுன்னு போடு. ரெண்டு சாகட்டும். ரெண்டு செத்தாத்தான் நம்புவாங்க."

இப்படியாக அறிக்கை முடிந்தது. ஆற்றில் கெண்டைகள் உலகத்தில் எங்கும் இல்லாத வேகத்தில் வளர்கின்றன, அநேகமாகச் சாவதே இல்லை என்று அதில் இருந்தது. படகுத்துறையில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். தலைநகரத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, மீனைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். பேச்சு முழுக்கக் கெண்டை என்பதற்குப் பதிலாகக் கெளுத்தி என்றார். தராசக்காவை மேடைக்கு அழைத்து "ஆற்றின் தோழி" என்று எழுதிய கேடயத்தையும், அதை வைத்துக்கொள்ள ஒரு வாளியையும் கொடுத்தார்கள். பிறகு பெரியவர் குரலை உயர்த்தினார்.

"மீன்கள் இவ்வளவு பெருகிவிட்ட இந்த ஆற்றில், முட்டையிடும் காலத்தில் வலை போடக் கூடாது என்ற பழைய தடை எதற்கு? இன்றோடு அதை நீக்குகிறோம்! யார் விண்ணப்பித்தாலும் உரிமம் கொடுக்கிறோம்!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தராசக்காதான் ஓங்கிக் கைதட்டினாள். கேடயம் மடியில் இருக்கும்போது வேறென்ன செய்வது? திரும்பிப் பார்த்தபோது, கூட்டத்தின் கடைசியில் கொழுந்தன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மேலேயும் கீழேயும் இருந்த ஊர்களிலிருந்து மோட்டார் படகுகள் வந்தன. கொசுகூட நுழைய யோசிக்கும் சின்னக் கண் வலைகள். அந்தப் பருவத்தில் சந்தை முழுக்க வயிறு புடைத்த கெண்டைகள் குவிந்தன. அறுத்தால் கை நிறைய முட்டை வழியும். ஐஸ் போதவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அறிக்கை சரிதான் என்றார்கள்.

அடுத்த பருவத்தில் கொழுந்தன் கொண்டுவந்த மீன்கள் உள்ளங்கைக்குள் அடங்கின. அதற்கும் அடுத்ததில் விரல் கனம். சில நாள் வெறும் கூடையோடு வந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வான். தராசக்கா பண்ணை மீன் வாங்கிக் கம்மல் போட்டு விற்றுப் பார்த்தாள். அச்சில் வார்த்த மாதிரி இருந்த மீன்களை வங்கி மேலாளர் சந்தேகமாகப் பார்த்தார். "எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க சார்" என்று சமாளித்தாள். ஆனாலும் மேடையில் ஐஸ்தான் அதிகம் தெரிந்தது.

"உன் வலையில ஏதோ கோளாறு தம்பி" என்று ஒரு காலையில் அவள் எரிந்து விழுந்தாள்.

"வலையில இல்ல அண்ணி. படகை விக்கப் போறேன். விடுதிக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். வாசல்ல வெச்சு மண்ணு நிரப்பிப் பூச்செடி நடுவாராம்."

அவன் எழுந்து, "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றான். படகில் ஏறினாலே அவளுக்குக் குமட்டும். இத்தனை வருடம் மீன் விற்றும் ஆற்றில் போனது விரல் விட்டு எண்ணும் தடவைதான். வாயில் துணியை வைத்துக்கொண்டு ஏறினாள்.

ஆறு வளையும் இடத்தில், நீர்ப்புல் அடர்ந்த ஆழமில்லாத ஓரத்தில் துடுப்பை நிறுத்தினான். "கெண்டைங்க முட்டை போட வர்ற இடம். வருஷா வருஷம் இந்த நேரத்துக்கு இங்க தண்ணி கொதிக்கற மாதிரி இருக்கும். வாலை அடிச்சு அடிச்சு நம்ம மேலயே தெளிக்கும். பேசினாக் காது கேக்காது."

தண்ணீர் அசையாமல் கிடந்தது. புல்லில் ஒரு கிழிந்த வலை சிக்கியிருந்தது. அதில் மீன் இல்லை. யாரோ கழற்றி எறிந்த மஞ்சள் கம்மல் ஒன்று இருந்தது. மகளின் கையெழுத்து. தராசக்கா அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்க்காமல், "கரைக்குப் போ தம்பி" என்றாள்.

அன்றைக்கே துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு மீன் டாக்டர் அலுவலகத்துக்குப் போனாள். வாளி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, "இருப்பு இல்லக்கா" என்றார். அவள் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். ஒயர், முள், பேனா எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சலவைப் பேனாவா?"

"ஆமா சார். தண்ணியில அழியாது."

"எங்க எண் அழிஞ்சிடும்." இழுப்பறையைத் திறந்து மங்கலான கம்மல்கள் இருந்த ஒரு டப்பாவை எடுத்தார். "யாரோ போலி போடறாங்களோன்னு எனக்கு நடுவுல ஒரு சந்தேகம் வந்துச்சு. எழுத்து மங்கினதெல்லாம் போலின்னு ஒதுக்கிட்டேன். பளிச்சுன்னு இருந்ததை மட்டும்தான் கணக்குல சேத்தேன்."

உண்மைக் கம்மல்கள் கிடந்த அந்த டப்பாவை மூடி, தராசக்கா அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லிடுங்க சார். தப்பு என்மேலன்னு சொல்லிடுங்க. தடையைத் திரும்பக் கொண்டுவரட்டும்."

"முட்டை மீனைப் பிடிக்காம விட்டாலே போதும்கா. ரெண்டு மூணு பருவத்துல ஆறு தன்னால தேறிக்கும். ஆனா தடை போடணும்னா முதல் அறிக்கை தப்புன்னு ஒத்துக்கணும். அந்த அறிக்கையைப் பாத்துத்தான் வேற ஆறுகளுக்கும் இதே திட்டம் போட்டிருக்காங்க. எனக்குப் பதவி உயர்வு வந்தாச்சு. மேலதிகாரிக்கு விருது வந்தாச்சு."

"மீன் காணாமப் போனதுக்கு என்ன சொல்றாங்க?"

"கமிட்டி போட்டாங்க. மீனுங்க புத்திசாலி ஆயிடுச்சாம். வலையைப் பாத்தா ஒதுங்கிப் போகுதாம்."

"எங்க போகுதாம்?"

"அதுக்குத்தான் அடுத்த ஆய்வு" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். நல்ல மனிதர், வெட்கப்பட்டார். வெட்கத்தை எந்தப் படிவத்தில் அனுப்புவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

தராசக்கா துப்பாக்கியை மறுபடி பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அரசாங்கத்தின் வாய் அடைத்துவிட்டது. தன் வாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் டீச்சர் வந்ததும், மேடையைத் தாண்டிக் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு மட்டும் சொல்றேன் டீச்சர். கம்மல் மீன் இனிமே வேண்டாம்."

"ஏம்மா?"

"அந்தக் கம்மல் வழியா ஏதோ மருந்து ஏத்தியிருக்காங்களாம். சாப்பிட்டா முடி கொட்டுமாம். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

டீச்சரின் கை தலைக்குப் போனது. உங்களுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட செய்தி மதியத்துக்குள் சந்தையின் மறு வாசலுக்குப் போய்விட்டது. வங்கி மேலாளர் தன் வழுக்கைக்குக் கடைசியில் ஒரு காரணம் கிடைத்ததில் நிம்மதி அடைந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டு நாள் கழித்து அந்தச் செய்தி தராசக்காவிடமே திரும்பி வந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் புருவம் உதிர்ந்திருந்தது. ஆற்றில் எந்த மீனும் அந்த வேகத்தில் வளர்ந்ததில்லை.

துறை சும்மா இருக்குமா? கம்மல் மீன் முற்றிலும் பாதுகாப்பானது என்று ஊரெங்கும் விளம்பரத் தட்டி வைத்தார்கள். மேலதிகாரி ஒரு கெண்டையைக் கையில் பிடித்துச் சிரிக்கிற படமும் போட்டார்கள். அவருக்கு இருந்ததே நாலு முடி. அதைப் பார்த்த பிறகு கொஞ்சநஞ்சம் சந்தேகப்பட்டவர்களும் வதந்தியை முழுசாக நம்பினார்கள்.

ஆனால் பழி தராசக்கா தலையிலும் விழுந்தது. "நீதானே முத்திரை குத்தின மீன்னு வித்தே? என் பிள்ளைங்களுக்கெல்லாம் கொடுத்தேனே!" என்று டீச்சர் சந்தை நடுவில் நின்று கத்தினார். தராசக்காவுக்குப் பதில் இருந்தது; எப்போதும் இருக்கும். அன்றைக்கு அதை விழுங்கிக்கொண்டு நின்றாள். வாடிக்கை மொத்தமும் பண்ணை மீன் மேடைகளுக்குப் போனது. அவள் பாதி மேடையைச் செதில் சுரண்டுகிறவளுக்கு விட்டுவிட்டு, மீதியில் கருவாட்டைப் பரப்பிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினாள்.

மறுபடி முட்டையிடும் காலம் நெருங்கியதும் தராசக்காவும் மகளும் கொழுந்தனும் படகில் போனார்கள். மிச்சம் இருந்த பெரிய மீன்கள் ஆற்றின் வளைவுக்கு ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருந்தன. கொழுந்தன் தன் அகலக் கண் வலையால் பிடித்து, தண்ணீர் நிரப்பிய நீல வாளிகளில் விடுவான். ஈரத் துணியால் கண்ணை மூடினால் மீன் துள்ளாது. மகள் துடுப்புக்குக் கீழே ஒரு குத்து. பிறகு ஆற்றுக்குள். தராசக்காவின் வேலை குமட்டிக்கொண்டே வாளியைப் பிடிப்பது.

"அம்மா, எண் எழுதணுமா?"

"எதுக்குடி? யார் படிக்கப் போறாங்க? மஞ்சளாத் தெரிஞ்சாப் போதும்."

மோட்டார் படகுகளின் வலையில் விழுந்த வயிற்று மீன்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் மஞ்சள் தெரிந்தது. சந்தை வியாபாரிகள் கம்மல் மீன் கலந்த கூடையைக் கிட்டவே சேர்க்கவில்லை. படகுக்காரர்கள் கம்மலைப் பிய்த்துவிட்டுக் கொண்டுவந்து பார்த்தார்கள். வாங்க வந்தவர்கள் மீனைத் தூக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, துடுப்புக்குக் கீழே துளை இருக்கிறதா என்று தேடினார்கள். படகுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மீன்களைத் தண்ணீரில் திரும்ப எறிந்தார்கள். டீசல் செலவுக்குக்கூடக் கட்டவில்லை என்று ஒவ்வொருவராகப் படகைத் திருப்பினார்கள். போகும்போது, இந்த ஊர்க்காரர்கள் பைத்தியங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை யாரும் மறுக்கவில்லை.

படகைக் கேட்டிருந்த விடுதிக்காரர் பொறுமை இழந்து, வாசலில் ஒரு பழைய குளியல் தொட்டியை வைத்துப் பூச்செடி நட்டுக்கொண்டார்.

மீன் டாக்டருக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் ஆனது. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் சந்தைக்கு வந்து, தராசக்காவின் கருவாட்டை எதற்கென்று தெரியாமல் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு கேட்டார்.

"அக்கா, முடி கொட்டும்னு எப்படித் தோணுச்சு? உயிருக்கு ஆபத்துன்னே சொல்லியிருக்கலாமே?"

"உயிர்னா யாரும் பயப்பட மாட்டாங்க சார். அது என்னைக்கோ போறதுன்னு விட்டுடுவாங்க. முடின்னாத்தான் நேராப் போய்க் கண்ணாடியைப் பாப்பாங்க."

அவர் தலையாட்டினார். கொஞ்சம் கருவாடு வாங்கினார். எடையைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் துறையிலிருந்து இன்னொரு அறிக்கை வந்ததாகக் கேள்வி. புத்திசாலி மீன்கள் போன இடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருக்கின்றன என்றும், அது துறையின் தொடர் முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்றும் எழுதியிருந்தார்களாம். தராசக்காவுக்கு யாரும் கேடயம் தரவில்லை. முதலில் கொடுத்ததை அவள் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்திருந்தாள்.

தண்ணீர் வடிந்த ஒரு காலையில் கொழுந்தன் மறுபடி அவளைக் கூப்பிட்டான். அன்றைக்கு விடுப்பில் இருந்த கணவரும் கூட வந்தார். வளைவில் நீர்ப்புல்லின் ஓரமாகத் துடுப்பை நிறுத்தினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீருக்கு அடியில் மணல் நகர்வது போல இருந்தது. மணல் இல்லை. நகக்கண் அளவு குஞ்சுகள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, படகின் நிழல் பட்டதும் கலைந்து, மறுபடி கூடின. தராசக்கா குமட்டலை மறந்து, படகு சாயும்படி எட்டிப் பார்த்தாள். கொழுந்தன் மறுபக்கம் உட்கார்ந்து சரிக்கட்டினான்.

கணவர் விரலை நீட்டி, உதடு அசைய ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"எத்தனை இருக்குன்னு பாக்கறேன்."

"எண்ணாதீங்க" என்று அவர் விரலைப் பிடித்து மடக்கினாள். "எண்ணினா எவனாவது அறிக்கை எழுதிடுவான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெயில் ஏறும் வரை மூன்று பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.